வேறொரு கை கூட்டிய முற்றம்

கோயில் பள்ளிக்கூடத்து மக்டலின் என்றால் வாவிக்கரையில் தெரியாத ஆள் இல்லை. வஸ்தியானுக்கும் திரேசம்மாவுக்கும் மூத்த மகள். வஸ்தியான் கதிரவெளிக்காரர். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதானே பெண் வீட்டுக்கு வருவது, அப்படி வந்து இந்தக் கரையோடேயே இருந்துவிட்டவர். மக்டலினைக் கட்டியவன் வாழைச்சேனைக் கடதாசி ஆலையில் வேலை பார்த்தவன். நல்ல மனுசன், நாலு வருசம்தான் இருந்தான். காய்ச்சலில் போய்விட்டான். பிள்ளை இல்லை. திரேசம்மா கொடுத்த சீதன வீடு சுனாமியோடு போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு மக்டலின் தம்பி றொனால்டோடு இருக்கிறாள். றொனால்ட் இருக்கிறது அவன் பெண்சாதி டினுஷாவின் வீடு. ஆகவே மக்டலின் இருக்கிறது தம்பியின் வீடு கூட அல்ல, மச்சாளின் வீடு. அந்த வீட்டில் பதினாறு வருசமாக அவள் தலை நிமிர்ந்து சாப்பிடுகிறாள் என்றால் அதற்குக் காரணம் ஒன்றுதான். காலையில் பள்ளிக்கூடத்துப் பூட்டின் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கூட்டித் துடைக்கிற வேலைக்குக் கிளம்புகிறவள் அவள்.

மக்டலினுக்கு எதையும் இரண்டு தரம் பார்த்தால்தான் மனம் ஆறும். சொந்தத் தம்பி ஓட்டோ ஓட்டாத நேரத்தில் வலை வீசிப் பிடித்து வந்த செப்பலி மீனையே செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் சட்டிக்குள் போடுவாள். புதிதாக ஒரு பாதர் வந்தால் பூசை முடியும் வரைக்கும் அவருடைய சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"சப்பாத்தில என்னக்கா இரிக்கு?" என்று றொனால்ட் ஒருமுறை கேட்டான்.

"நடக்கிற மனுசனா, நடக்காத மனுசனா எண்டு சப்பாத்துத்தான் சொல்லும்."

இந்த வருசம் முதலாம் தவணைக்குப் பள்ளிக்கூடம் திறந்தபோது அதிபராக ஜெனிற்றா சிஸ்டர் மட்டக்களப்பு டவுனிலிருந்து வந்திருந்தார். கோயிலுக்குப் பின்னால் இருக்கிற கன்னியர் மடத்தில்தான் தங்கல். வந்த அன்றைக்கே பள்ளிக்கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு மக்டலினைத் தன் கந்தோர் அறைக்குக் கூப்பிட்டார்.

"மக்டலின், மத்தப் பள்ளிக்கூடங்களில பெற்றார் முறை வச்சுக் கூட்டித் துப்புரவாக்கினம். இஞ்சயும் அப்பிடிச் செய்யலாமோ எண்டு பாக்கிறன். இந்தத் தவணை முடியட்டும். ஆள் ஒண்டு தேவையா இல்லையா எண்டு மறுகா பங்குச் சபையோட கதைச்சு முடிவெடுப்பம்."

"ஓம் சிஸ்டர்" என்றாள் மக்டலின். வெளியே வந்தபோது அவளுக்குக் காது அடைத்திருந்தது.

அன்றைக்குத் திங்கட்கிழமை, புதுப் பிள்ளைகளை வகுப்பில் சேர்க்கிற நாள். பூசை நடந்தது. பாதர் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளின் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார். இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் கடதாசிப் பூமாலையோடு வந்து ஆளுக்கொரு சின்னப் பிள்ளையைக் கையில் பிடித்து வகுப்புக்குக் கூட்டிப்போனார்கள். பதினெட்டுப் பிள்ளைகள் போனார்கள். பத்தொன்பதாவது பிள்ளை மட்டும் ஒரு பெண்ணின் சேலைத் தலைப்பை விடாமல் நின்று கத்தியது. விதுர்ஷா என்று பெயர். சேலைக்காரி அன்னப்பூரணி, அந்தப் பிள்ளையின் பெரியம்மா.

மக்டலின் கண்ணைச் சுருக்கினாள். அன்னப்பூரணி கோணாமலையின் மகள். கோணாமலை வாவிக்கு அக்கரையில், படுவான்கரை வயல் வட்டையில் காவல் இருந்தவர். சுளுக்குக்குத் தண்ணீர் ஓதுவார், பயந்த பிள்ளைக்கு நூல் கட்டுவார். நூல் கட்டத் தெரிந்தவனுக்கு வேறு கட்டும் தெரியும் என்பது மக்டலினின் கணக்கு. சைவப் பிள்ளைகளும் இந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறதுதான், அது புதிதில்லை. ஆனால் தாய் எங்கே? முதல் நாளைக்குத் தாய் வராமல் பெரியம்மா ஏன் வருகிறாள்? கேட்க நினைத்தாள், அதற்குள் மணி அடிக்கிற நேரம் வந்துவிட்டது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை ஆறரை மணிக்கு மக்டலின் படலையைத் திறந்து உள்ளே கால் வைத்தவள் அப்படியே நின்றாள்.

முற்றம் கூட்டியிருந்தது.

மக்டலின் இடக்கைக்காரி. பதினாறு வருசமாக அந்தக் குருமணலில் அவளுடைய ஈர்க்கில் விளக்குமாறு போட்ட வளைவுகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துத்தான் கிடக்கும். இன்றைக்கு வளைவுகள் மறுபக்கம் பார்த்துக் கிடந்தன. வலக்கைக்காரி ஒருத்தி வந்து, வேப்ப மரத்தடியிலிருந்து முதலாம் ஆண்டு வகுப்பு வாசல் வரைக்கும் ஒரு சருகு விடாமல் கூட்டிவிட்டுப் போயிருக்கிறாள். வேலை மோசமில்லை. எங்காவது ஒரு குறை கிடைக்குமா என்று மக்டலின் முற்றத்தை இரண்டு தரம் சுற்றி வந்தாள்.

புதன்கிழமையும் அப்படி. வியாழக்கிழமையும் அப்படி.

"ஆரோ உனக்கு உதவி செய்யிறாங்க. சந்தோசப்படன்கா" என்றான் றொனால்ட், ஓட்டோவைத் துடைத்துக்கொண்டே.

"உதவியா? சிஸ்டர் தவணை முடியட்டும் எண்டு சொன்ன அண்டைக்கு மறுநாளே உதவி வந்திரிக்கு. என்ட இடத்துக்கு ஆள் பாக்கினம் மனே. சும்மா செய்து காட்டி, அவளே போதும் எண்டு சிஸ்டரைச் சொல்ல வைக்கிற வேலை."

உள்ளே இருந்து டினுஷா எட்டிப் பார்த்தாள். "என்ன மச்சாள், வேலை போகப் போகுதா?"

"ஆர் சொன்னது?" என்றாள் மக்டலின். அன்றைக்கு மத்தியானச் சோற்றை அவள் பாதிதான் தின்றாள். தின்னும்போது டினுஷா தன் சோற்றுக் கோப்பையைப் பார்க்கிறாளா என்று பார்த்துக்கொண்டே தின்றாள்.

பிறகு ஆட்களை ஒவ்வொருவராக எடுத்துப் பார்த்தாள். படலைக்கு முன்னால் கடை வைத்திருக்கிற பிறின்ஸின் பெண்சாதியாக இருக்கலாம், அவளுக்கு எதிலும் ஆசை. இல்லை, அவள் ஏழு மணிக்கு முன் கண் விழிக்கிற சாதியில்லை. மடத்தில் சமைக்கிறவளாக இருக்கலாம். இல்லை, அவளுக்கு முழங்கால் நோ.

வெள்ளிக்கிழமை வகுப்பு வாசற்படியில் ஈரம் கிடந்தது. மக்டலின் குனிந்து விரலால் தொட்டு மணந்து பார்த்தாள். மஞ்சள் தண்ணீர். விரலைச் சேலையில் அழுத்தித் துடைத்தாள். இப்போது ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. வேலையைப் பறிக்க மட்டும் வரவில்லை, வேலையோடு சேர்த்துத் தன்னையும் இந்த மண்ணிலிருந்து எழுப்ப ஓதிக்கொண்டு வந்து தெளிக்கிறாள் கோணாமலையின் மகள். தேவாலயத்துத் தொட்டியிலிருந்து தீர்த்தம் அள்ளி வந்து படியில் மூன்று தரம் தெளித்துவிட்டுத்தான் அன்றைக்கு வகுப்புக்குள் போனாள்.

சனிக்கிழமை விடிய முதல் போய்க் கிணற்றடியில் மறைந்து நின்றாள். வாவிப் பக்கமிருந்து குளிர் காற்று வந்தது. படலைச் சங்கிலி தளர்ச்சி, மெலிந்த ஆள் என்றால் இடுக்கால் நுழையலாம். அன்னப்பூரணி நுழைந்தாள். கையில் சொந்த விளக்குமாறு. தலைமுடி ஈரம், முழுகிவிட்டு வந்திருக்கிறாள். ஒரு வாளியை வைத்துவிட்டுக் கூட்டத் தொடங்கினாள்.

மக்டலின் முன்னால் போய் நின்றாள்.

"ஆரைக் கேட்டு உள்ள வந்தனி?"

அன்னப்பூரணி திடுக்கிட்டுப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை.

"உன்னைத்தான்கா. ஆர் அனுப்பினது? சிஸ்டரா? வாளிக்குள்ள என்ன? அப்பன் சொல்லித் தந்ததா?"

அவள் தலையை இல்லை என்று ஆட்டினாள். உதட்டை இறுக மூடிக்கொண்டு மிச்சத்தையும் கூட்டினாள். வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். வாளியைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே போய்விட்டாள். மக்டலின் பின்னாலேயே படலை வரைக்கும் பேசிக்கொண்டு போனாள், ஒரு சொல் திரும்பி வரவில்லை. குற்றம் இல்லாதவள் ஏன் வாயைப் பூட்ட வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை விடியவும் அன்னப்பூரணி வந்து போயிருந்தாள். பூசை முடிந்ததும் மக்டலின் சிஸ்டரிடம் போனாள். மஞ்சள் தண்ணீரைப் பற்றிச் சொல்லவில்லை. படித்த சிஸ்டர் சிரித்துவிடுவார் என்று பயம்.

"சிஸ்டர், விடியக்காலையில ஆரோ படலை இடுக்கால உள்ளுக்கு வந்து போகினம். சின்னப் பிள்ளையள் புழங்கிற இடம்."

சிஸ்டர் யோசித்தார். அலுமாரியைத் திறந்து ஒரு புது ஆமைப்பூட்டை எடுத்துக் கொடுத்தார். "சங்கிலியை இறுக்கிப் பூட்டுங்க. நீங்க வந்துதான் திறக்கோணும்."

திங்கட்கிழமை மக்டலின் ஐந்து மணிக்கே போய் உள்ளே நின்று பூட்டிக்கொண்டு கூட்டத் தொடங்கினாள். அன்னப்பூரணி வந்தாள். சங்கிலியைத் தொட்டாள். பூட்டைக் கண்டாள். படலைக் கம்பிக்கு வெளியே வாளியோடு நின்றாள். மக்டலின் அவளைக் காணாத மாதிரி, இடக்கையால் வீசி வீசிக் கூட்டினாள். இத்தனை வருசத்தில் அவ்வளவு அழகாக ஒருநாளும் கூட்டியிருக்கமாட்டாள்.

வெளிச்சம் வந்தது. கடற்கரைப் பக்கம் சூரியன் கிளம்பியது. அன்னப்பூரணி வாளியை மதிலோடு வைத்துவிட்டு நிலத்தில் குந்தினாள். அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"ஆறு நாள் முடிஞ்சிது அக்கா. இண்டைக்கு உடைஞ்சு போச்சு."

"என்ன உடைஞ்சது?"

"நேர்த்தி. ஒம்பது நாள். முழுகிப்போட்டு வந்து, சூரியன் வரும் வரைக்கும் வாய் திறக்காம கூட்டுறன் எண்டு அந்தோனியாருக்கு வச்சது. ஒருத்தருக்கும் சொல்லவும் கூடா. இனி உடைஞ்சதுதானே, சொல்லுறன்."

மக்டலினின் விளக்குமாறு நின்றது. கம்பிக்கு உள்பக்கமாக வந்து நின்றாள்.

"கோணாமலைட மகளுக்கு அந்தோனியார் எதுக்கு?"

"துலைஞ்சதெல்லாம் எடுத்துத் தாறவர் எண்டு நீங்கதானே சொல்லுறீங்க. என்ட தங்கச்சி தவமலர் குவைத்துக்கு வேலைக்குப் போனவள். ஞாயிறு தவறாம பிள்ளையோட கதைப்பாள். கார்த்திகைக்குப் பிறகு ஒரு சத்தமும் இல்ல. அனுப்பின ஆள் போனை எடுக்கிறானில்ல. பிள்ளையைச் சேர்க்கிற போமில தாயிட நம்பர் எண்டு ஒரு கோடு இரிந்திச்சி. அடிக்காத நம்பரை எழுதிப்போட்டு வெளியில வந்து அந்தோனியார் சுருவத்துக்கு முன்னால நிண்டுதான் நேர்த்தி வச்சன். கோயிலைக் கூட்டுறதுக்கு உங்கட சபைப் பெண்டுகள் இரிக்கினம். எனக்கு அங்க உரிமை இல்ல. என்ட பிள்ளை குந்தியிரிக்கிற இடத்தைக் கூட்டலாம்தானே?"

"மஞ்சள் தண்ணி?"

"கூட்டின இடத்துக்குத் தெளிக்காம விடுறதாக்கா?"

மக்டலின் அவளுடைய கண்ணைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள். நேர்த்தி என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். அவள் புருசன் காய்ச்சலில் கிடந்தபோது வாய் திறக்காமல் கோயிலை முழங்காலில் சுற்றினவள் அவள். இத்தனையும் தெரிந்தவளுக்கு, வாயை மூடிக்கொண்டு கூட்டுகிற ஒரு பெண்ணைக் கண்டதும் நேர்த்தி என்று ஏன் தோன்றவில்லை? சைவக்காரி என்ற ஒன்றுதான் கண்ணை மறைத்தது. ஆனாலும் முழுதாக நம்ப மனம் வரவில்லை.

"அந்தோனியார் மேல சத்தியம் பண்ணு பாப்பம்."

"நேர்த்திக்காரி சத்தியம் பண்ணக் கூடாக்கா. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். அதுதான் தொல்லை.

"மறுகா ஒண்டில இருந்து தொடங்கோணும்" என்று எழும்பினாள் அன்னப்பூரணி. "நாளைக்குச் செவ்வாய். பூட்டுவீங்களா?"

மக்டலின் விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.

அன்றைக்கு முழுக்க அவளுக்கு அதே யோசனை. அன்னப்பூரணியை உள்ளே விட்டால் சிஸ்டர் காண்பார். சிஸ்டர் ஐந்து மணிக்குச் செபத்துக்கு எழும்புகிறவர். காசில்லாமல் கூட்ட ஆள் இருக்கும்போது மக்டலின் எதற்கு என்று நினைப்பார். காரணத்தைச் சொல்லிவிடலாம் என்றால், சொன்னால் நேர்த்தி மறுபடி உடையும். விடாமல் இருந்தால் வேலை தப்பும். முதலாம் ஆண்டு வகுப்பைத் துடைக்கப் போனபோது விதுர்ஷா மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தது. அழவில்லை. அழுதிருந்தால் கூட மக்டலினுக்கு முடிவெடுக்கச் சுகமாக இருந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்குப் படலையைத் திறந்துவிட்டாள். அன்னப்பூரணி மணலைக் கூட்டினாள். மக்டலின் உள்ளே போய் வாங்கு மேசைகளைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தாள், வேறு எங்காவது கை போகிறதா என்று. புதனும் வியாழனும் அப்படியே போயின.

வெள்ளிக்கிழமை மணி அடித்த பிறகு சிஸ்டர் கூப்பிட்டார்.

"மக்டலின், முத்தம் கூட்டுற பொம்பிள ஆர்?"

"பழக்கமான ஆள்தான் சிஸ்டர்."

"இடுக்கால ஆக்கள் வருகினம் எண்டு நீங்கதானே பூட்டு வாங்கினீங்க? இப்ப நீங்களே திறந்து விடுறீங்க. நானும் ரெண்டு நாளாப் பாக்கிறன். அவ கூட்டுறா, நீங்க உள்ளுக்க நிக்கிறீங்க. உங்கட வேலையை ஆளைப் பிடிச்சுச் செய்விக்கிறீங்களா? அந்த ஏழைக்கு என்ன குடுக்கிறீங்க?"

மக்டலினுக்கு முகம் எரிந்தது. பதினாறு வருசமாக ஊரெல்லாம் சந்தேகப்பட்டவள். தன்னை ஒருவர் அப்படிப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு சொல் போதும், நேர்த்தி என்று. நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"ஒண்டும் குடுக்கயில்ல சிஸ்டர்."

"அப்ப ஏன் வாறா?"

"சொல்ல ஏலா சிஸ்டர்."

"சொல்ல ஏலாட்டி, நாளைக்கு அவ வரக்கூடா. வந்தா நீங்க திறப்பைக் கொண்டுவந்து மேசையில வையுங்க."

சனிக்கிழமை மக்டலின் வழக்கம் போல ஐந்து மணிக்குப் படலையைத் திறந்தாள். அன்னப்பூரணி ஐந்தாம் நாளைக் கூட்டி முடித்தாள். சிஸ்டர் சொன்னதை அவளுக்கு மக்டலின் சொல்லவில்லை. ஏழு மணிக்குக் கந்தோருக்குள் போய்த் திறப்பை மேசையில் வைத்தாள்.

சிஸ்டர் எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "அவ வந்தவவா?"

"ஓம் சிஸ்டர்."

"இப்பவும் சொல்ல ஏலாதா?"

"ஏலா."

சிஸ்டர் அவளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து எழுதத் தொடங்கினார். மக்டலின் வெளியே வந்தாள்.

டினுஷாவுக்கு அவள் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அதே நேரத்துக்கு எழும்பி, அதே சேலையை உடுத்திக்கொண்டு வெளிக்கிட்டாள். பிறின்ஸின் கடை மூடிக் கிடந்தது. அதன் தாழ்வாரத்தில் நின்று பார்த்தாள். படலை பூட்டிக் கிடக்கும், அன்னப்பூரணி கம்பிக்கு வெளியே குந்தியிருப்பாள், எல்லாம் வீண் என்று நினைத்துக்கொண்டு வந்தவளுக்குக் கண் நம்பவில்லை. படலை அகலத் திறந்து கிடந்தது. அன்னப்பூரணி கூட்டிக்கொண்டிருந்தாள். மடத்து விறாந்தையில் ஜெனிற்றா சிஸ்டர் செபமாலையோடு நின்றார், முற்றத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

அன்று பின்னேரமே மக்டலின் அன்னப்பூரணியின் வீட்டுக்குப் போனாள்.

"சிஸ்டருக்குச் சொல்லிப்போட்டியா?"

"இல்லக்கா, உண்மையா. அவ என்னை ஒண்டும் கேக்கல்ல. படலை திறந்து கிடந்திச்சி. நீங்கதான் திறந்தீங்க எண்டு நினைச்சன். நீங்க எங்கக்கா போனீங்க?"

"எனக்கு லீவு" என்றாள் மக்டலின்.

திங்கள், செவ்வாய், புதன். மூன்று நாளும் கடைத் தாழ்வாரத்தில் நின்றாள். பிறின்ஸ் ஒருநாள் கதவைத் திறந்துவிட்டுக் கேட்டான். "என்னக்கா, என்ட கடைக்குக் காவலா?"

"உன்ட கடையில என்ன இரிக்கு மனே காவல் காக்க? ரெண்டு வாழைப்பழமும் ஒரு தீப்பெட்டியும்."

புதனோடு ஒன்பது நாள் முடிந்தது. வியாழக்கிழமை முற்றத்தை ஒருவரும் கூட்டவில்லை. மக்டலினும் போகவில்லை. வேலைக்குப் போக இடமில்லை என்று முதல் தடவையாக டினுஷாவுக்குச் சொல்லத் துணிந்து குசினி வாசலுக்கு வந்தபோது வெளியே யாரோ கூப்பிட்ட சத்தம் கேட்டது. ஜெனிற்றா சிஸ்டர் வீட்டுப் படலையில் நின்றார்.

"மக்டலின், வகுப்பெல்லாம் அஞ்சு நாளாத் துடைக்காமக் கிடக்கு. முத்தம் இண்டைக்குச் சருகு. வாறீங்களா?"

"தவணை முடிய முடிவெடுப்பம் எண்டீங்களே சிஸ்டர்?"

"அது தவணை முடியட்டும். இண்டைக்குப் பிள்ளையளுக்கு முத்தம் வேணும்."

டினுஷா பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். சிஸ்டர் தங்கள் வீட்டு வாசலுக்கே வந்து கூப்பிட்டதை அவளும் கண்டாள்தானே. ஓடிப்போய் மக்டலினின் செருப்பை எடுத்து வந்து வைத்தாள். எதற்கு இந்தப் புது மரியாதை என்று மக்டலின் அவளை ஒருமுறை பார்த்தாள், பிறகு போட்டுக்கொண்டு நடந்தாள்.

வழியில் கேட்டாள். "சிஸ்டர், உங்களுக்கு ஆர் சொன்னது?"

"என்னத்தை?"

"அதுதான்."

"எதை மக்டலின்? நீங்கதானே சொல்ல ஏலா எண்டீங்க."

சிஸ்டரின் முகத்தில் ஒன்றும் இல்லை. சிரிப்பும் இல்லை. மக்டலின் சப்பாத்தைப் பார்த்தாள், அதிலும் தூசியைத் தவிர ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

தவமலரின் குரல் மாசி மாதக் கடைசியில் வந்தது, வேறு யாரோ ஒரு பெண்ணின் போனில். வீடு மாற்றிவிட்டார்களாம், போனைப் பறித்து வைத்துக்கொண்டார்களாம், சித்திரைக்குள் வந்துவிடுவாளாம். அன்னப்பூரணி மெழுகுதிரிக் கட்டோடு கோயிலுக்கு ஓடி வந்தாள். மக்டலின் அவளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுருவத்துக்கு முன்னால் நிறுத்தினாள். அந்தப் போன் நம்பரை எழுதி வாங்கினாயா என்று மூன்று தரம் கேட்டாள்.

தவணை இன்னும் முடியவில்லை. பங்குச் சபை இன்னும் கூடவில்லை. மக்டலின் ஐந்தரைக்கே போய்விடுகிறாள் இப்போது. கூட்டிக்கொண்டிருக்கும்போது மடத்து விறாந்தையில் நடக்கிற சத்தம் கேட்டால் நிமிர்ந்து பார்ப்பாள். சிஸ்டர் செபமாலையோடு நடந்துகொண்டிருப்பார். அந்தச் சனிக்கிழமை கந்தோருக்குள் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்த கொஞ்ச நேரத்தில் இந்த மனுசி எதைக் கண்டுபிடித்தார் என்று மக்டலினுக்கு இன்றைக்கும் தெரியாது. கண்டுபிடிக்காமல் விடமாட்டாள்.